நாற்பது நாள் படுக்கை

சுகரா பேகத்தின் கண்ணுக்குத் தப்பிய குறை ஆம்பூரில் கிடையாது என்று கம்பெனியில் சொல்வார்கள். ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் மேல்தோலை விளக்குக்கு அடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முள் கீறின கோடோ, உண்ணி கடித்த தழும்போ, ஒரு தையல் தப்பினதோ தெரிந்தால் போதும், சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டிவிடுவாள். ஸ்டிக்கர் ஒட்டிய ஜோடி அதற்கு மேல் நகராது. ஷிப்மென்ட் நிற்கிறது என்று சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் பிய்க்க மாட்டாள். "நான் பாத்தத பாக்கலன்னு எப்டி சார் சொல்றது?" என்பாள். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டில் பார்த்ததைப் பார்க்கவில்லை என்றே சொன்னாள். வருஷக்கணக்காகச் சொன்னாள்.

மகன் முஜாஹித் டேனரியில் ஸ்ப்ரே செக்‌ஷனில் இருந்தான். பதனிட்ட தோலுக்குச் சாயம் அடிக்கிற இடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோஸ்துகளோடு சேர்ந்து கொஞ்சம். "அந்த நாத்தத்துக்கு ஒரு கட்டிங் போட்டாத்தான் சோறு எறங்குது அம்மீ" என்று ஒருநாள் அவனே உளறினான். நல்ல நியாயம்! இவன் அப்பா ஜியாவுதீன் அதே டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்று, ஆயுசு முழுக்க டீயைக் குடித்தே காலம் தள்ளி, கடைசியில் இருமி இருமிச் செத்தார். நாற்றம் அவருக்கு மட்டும் மணத்ததா? ஆனால் பிள்ளையிடம் இதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் நடந்தது என்று ஆகிவிடும்.

அங்கேதான் சங்கடம். தெருக்கோடியில் கமலம் வீட்டில் புருஷன் குடித்துவிட்டு வந்தால் கமலம் விளக்குமாற்றோடு தெருவுக்கே வந்துவிடுவாள். ஊரைக் கூட்டுவாள், சாபம் விடுவாள், மறுநாள் நாலு பேர் வந்து அவனுக்குப் புத்தி சொல்வார்கள். சுகரா பேகத்தின் வீட்டில் குடி ஹராம், மார்க்கம் விலக்கியது. இப்படிப்பட்ட குடும்பத்தில் அது நடக்கவே நடக்காது. நடக்காத காரியத்துக்கு யாரிடம் போய் வைத்தியம் கேட்பது? அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் நடக்கவே இல்லை என்று எண்ணினால் விரல் போதாது. கடைக்காரன் பாட்டில் மேலேயே 'குடி குடியைக் கெடுக்கும்' என்று அச்சடித்துத்தான் விற்கிறான். அவனாவது சொல்லிவிட்டுக் கெடுக்கிறான்.

போகப்போகக் காலையில் எழுந்ததும் ஊற்றாவிட்டால் முஜாஹித்துக்குக் கை நிற்காது. டீ டம்ளர் தட்டில் தாளம் போடும். தங்கை இஃப்ரா அதைப் பார்த்துவிட்டு டம்ளரை அரைவாசி மட்டும் நிரப்பிக் கொடுக்கப் பழகினாள். அந்த இஃப்ராவுக்குத்தான் அப்போது பேரணாம்பட்டில் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளை படித்தவன், கைநிறையச் சம்பளம், வரதட்சணை என்று வாய் திறக்காத குடும்பம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, தீனுள்ள வீடு, மார்க்கம் தவறாத ஒழுக்கமான வீடு. அப்பா இல்லாத பெண்ணுக்கு இந்த மாதிரி இடம் இன்னொரு முறை வராது. அண்ணன்காரன் குடிகாரன் என்று ஒரு சொல் பாலாற்றைத் தாண்டினால் போதும், பேச்சு அதோடு முடிந்தது.

சுகரா பேகம் தன்னால் ஆன வைத்தியமெல்லாம் செய்தாள். யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம் என்று விளம்பரம் பார்த்து ஒரு பொடியை வாங்கிக் குழம்பில் கலந்தாள். பிள்ளை இரண்டு நாள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான், மூன்றாம் நாள் வலியைப் போக்க இன்னும் ஜாஸ்தியாகக் குடித்தான். பிறகு ஒரு தர்காவில் கயிறு வாங்கிக் கட்டினாள். கயிறு கையில் இருந்தது, பாட்டிலும் அதே கையில் இருந்தது.

கடைசியில் ஒருநாள் கழுவுகிற தொட்டியில் ரத்தம் கலந்த வாந்தியைப் பார்த்துவிட்டு முஜாஹித்தே அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். "என்ன எங்கயாவது சேத்துடு அம்மீ. என்னால ஆகல" என்றான். குடிக்கிறவன் தானே வாய் திறந்து கேட்பது லேசில் நடக்கிற காரியமா? அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை தாய்மார்கள் தவம் கிடக்கிறார்கள்! அன்றைக்கே கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள்.

பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு வாங்கி, எந்தப் பிரிவு என்று தணிந்த குரலில் கேட்டு, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தார்கள். வரிசை நகர்ந்தது. அடுத்தது அவர்கள் முறை என்கிற நேரத்தில், "அரே சுகரா!" என்று ஒரு குரல். நிமிர்ந்தால் ரஃபத் ஜஹான். பேரணாம்பட்டு மாப்பிள்ளையின் பெரியம்மா, சுகராவுக்கு ஆப்பா, அதாவது அக்கா முறை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவள்.

"நீ இங்க இன்னா பண்றே? யாருக்கு ஒடம்பு?"

"எனக்குத்தான் ஆப்பா. முட்டி வலி."

"அதுக்கு இந்தப் பக்கம் எதுக்கு உக்காந்திருக்கே? முட்டிக்கு அந்தாண்ட போணும்."

"தெரியாம வந்துட்டேன்."

ரஃபத் ஜஹான் முஜாஹித்தைப் பார்த்தாள். அவன் நடுங்குகிற கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தான். "வேலய விட்டுட்டு அம்மாவுக்குத் துணைக்கு வந்திருக்கான் பாரு. தங்கமான புள்ள" என்று சொல்லி அவன் தலையைத் தடவினாள். கூடவே வந்து, முட்டி வலிக்கு எங்கே போக வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிவிட்டும் போனாள். சுகரா பேகம் முட்டிக்கு ஒரு தைலம் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவந்தாள். ஆம்பூரில் இறங்கியதும் முஜாஹித் நேரே கடைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் வேலூர்ப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆம்பூர்க்காரனும் வாணியம்பாடிக்காரனும் பேரணாம்பட்டுக்காரனும் இல்லாத நாள் உண்டா? செல்போனில் தேடித் தேடி ஒரு விளம்பரம் கண்டுபிடித்தாள். குடியை நிறுத்தும் இல்லம், கிருஷ்ணகிரியும் தாண்டி, மாந்தோப்புக்கு நடுவில். 'ரகசியம் காக்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். மற்றதெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை. போன் போட்டவள் முதலில் கேட்டது எவ்வளவு பணம் என்று இல்லை. "அது எவ்ளோ தூரம் சார்?" என்றாள்.

தூரத்துக்குத் தகுந்த விலை சொன்னான். அட்வான்ஸ், மருந்துக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி. ஜியாவுதீன் போன பிறகு கழற்றி, இஃப்ரா கழுத்துக்கு என்று பொத்தி வைத்திருந்த லச்சாவை எடுத்தாள். கருமணியும் பொன்மணியும் கோத்த, மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவள் கழுத்துக்கு வந்த முதல் நகை. அது அடகுக்குப் போனது. கம்பெனியில் லோனும் போட்டாள். வீட்டை ரிப்பேர் பண்ண என்று எழுதிக் கொடுத்தாள். ஒருவகையில் நிஜம்தானே!

தெருவுக்கு என்ன சொல்வது? வளர்ந்த பிள்ளை ஒரு மாசம் காணாமல் போனால் கேட்க மாட்டார்களா? கேட்டால் யாரும் மறு கேள்வி போடாத ஒரே பதில் இருந்தது. ஜமாஅத்துக்குப் போயிருக்கிறான். நாற்பது நாள், அல்லாஹ்வின் பாதையில், ஊர் ஊராகப் பள்ளிவாசலில் தங்கித் தொழுதுவிட்டு வருவான். எத்தனையோ பையன்கள் போகிறார்கள். இங்கிருந்து கிளம்புகிற ஜமாஅத் என்றால் கூடப் போனவர்கள் காட்டிக்கொடுப்பார்கள் என்று, பெங்களூரிலிருந்து கிளம்புகிறது, மாமா கூட்டிப்போகிறார் என்று சேர்த்துக்கொண்டாள். ஜமாஅத்துக்குப் போகிறவன் படுக்கையில்லாமல் போவானா? புதுப் போர்வை, சின்னத் தலையணை, தொழுகை விரிப்பு எல்லாம் வாங்கி, பிளாஸ்டிக் ஷீட்டில் சுருட்டி, நீலக் கயிற்றால் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினாள். ஜும்மா தொழுகை முடிந்து தெருவே வாசலில் நிற்கிற நேரம் பார்த்துப் பிள்ளையைப் படுக்கையைத் தோளில் போட்டு அனுப்பினாள்.

பக்கத்து வீட்டு வஜீதா ஓடி வந்தாள். வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறவள். புருஷன் கலீமுல்லா ஆட்டோ ஓட்டுகிறவர். சுகரா பேகத்தை அவளும் ஆப்பா என்றுதான் கூப்பிடுவாள். "எங்க ஆப்பா கெளம்பிட்டான்?"

"ஜமாஅத்துக்கு. நாப்பது நாள்."

"மாஷா அல்லாஹ்!" என்றாள் வஜீதா. நிஜமாகவே கண் கலங்கியது. முஜாஹித்தின் நெற்றியில் கை வைத்து ஏதோ ஓதி ஊதினாள். முஜாஹித் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பிள்ளை, வெட்கப்படுகிறான் என்று தெரு நினைத்தது.

இல்லத்தில் படுக்கையை உள்ளே விடவில்லை. வெளிச்சாமான் கூடாதாம். ஆபீஸ் அறை மூலையில் போட்டுவைத்தார்கள். ஹேமலதா என்று அங்கே ஒரு கவுன்சிலர் பெண், ஒடுகத்தூர்ப் பக்கத்துக்காரி, சுகரா பேகத்தை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"மொத வாரம்தாம்மா டேஞ்சர். தெனமும் காலைல இருந்து குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா ரெண்டு நாள், மூணு நாள்ல ஃபிட்ஸ் வரும். கண்டது கேட்டதெல்லாம் பேசுவாங்க. சில பேருக்கு உசுரே போய்டும். அதனாலதான் டாக்டர் மருந்து குடுத்து, பக்கத்துலயே வச்சுப் பாத்துக்கறோம். வீட்ல கட்டிப்போட்டு நிறுத்தலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க."

சுகரா பேகம் கேட்டுக்கொண்டாள். நன்றாகவே கேட்டுக்கொண்டாள். அவள் கண்ணுக்கு மட்டுமில்லை, காதுக்கும் எதுவும் தப்பாது.

"இன்னொண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றாள் ஹேமலதா, மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. "இதே வைத்தியம் வேலூர்லயே இருக்குதே. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில காசே இல்லாம பாக்கறாங்க. எதுக்கும்மா நகைய வச்சு இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"தூரத்துக்குத்தாம்மா காசு" என்றாள் சுகரா பேகம்.

இல்லத்தின் கணக்கு முப்பது நாள். இவள் கணக்கு நாற்பது. பத்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொன்னபோது மேனேஜருக்கு வாயெல்லாம் பல். வேண்டுமானால் அறுபது நாளும் வைத்துக்கொள்கிறோம் என்றான். அங்கே எல்லோருக்கும் மழிப்பது வழக்கம். இவனுக்குத் தாடியை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லி அதற்கும் கொஞ்சம் பணம் அழுதாள். ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டியிருக்கிறது.

நாற்பதாம் நாள் முஜாஹித் வந்து இறங்கினான். முகத்தில் தாடி, தோளில் படுக்கை. படுக்கையில் நீலக் கயிறு அவள் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. கை நடுங்கவில்லை, கண் வெள்ளையாக இருந்தது. அவள் அழுதது நடிப்பில்லை. தெருவில் பெரியவர்கள் கட்டித் தழுவினார்கள். எந்தெந்த ஊர், எத்தனை பள்ளிவாசல் என்று விசாரித்தார்கள். அவன் வாயே திறக்கவில்லை. பெருமை பேசாத பிள்ளை என்று அதற்கும் ஒரு பாராட்டு. பேரணாம்பட்டிலிருந்து ரஃபத் ஜஹானே போன் போட்டு, "உங்க வீட்ல பொண்ணு எடுக்கறது எங்களுக்குத்தான் பரகத், பாக்கியம்" என்றாள். நிக்காஹ் தேதி குறித்தார்கள்.

"அம்மீ, தொழுகைக்கு நின்னா பொய் சொல்ற மாதிரியே இருக்குது" என்றான் முஜாஹித்.

"நிக்காஹ் முடியட்டும்டா. அப்பறம் நான் அல்லாஹ்கிட்ட சொல்லிக்கிறேன்."

அல்லாஹ்வுக்குத் தெரியாதா என்ன! தெரியக்கூடாதது பேரணாம்பட்டுக்கு.

ஒரு வாரம் போயிருக்கும். வஜீதா ஒரு கிண்ணத்தில் குருமாவை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். இஃப்ரா டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டும் வஜீதா போகவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஆப்பா, ஒண்ணு கேக்கறேன். எம் புள்ள சமீருல்லா..." என்றவளுக்கு அந்தச் சொல் வரவில்லை. கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்துக் காட்டினாள். "இப்பெல்லாம் காலைலயே. லோடு ஏத்தற வேலைக்கும் சரியா போறதில்ல."

சுகரா பேகம் ஒன்றும் தெரியாதவள் போல, "அய்யோ, எப்போலருந்து?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாதா ஆப்பா? முஜாஹித் அப்பிடி இருந்தது எனக்குத் தெரியுமே. நடுவுல ஒத்தச் செவுருதானே, கேக்காதா? ஆனா நான் ஒருநாளும் வாயத் தொறந்ததில்ல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னதில்ல." வஜீதா அவள் கையைப் பிடித்தாள். "இப்போ எவ்ளோ தெளிஞ்சு வந்திருக்கான்! எம் புள்ளயயும் ஜமாஅத்துல அனுப்பிடலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் நம்ம பள்ளிவாசல்லருந்து ஒரு ஜமாஅத் கர்னூல் பக்கம் கெளம்புது. நல்லாயிடுவான்ல?"

இதோ இங்கேதான் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் இரண்டு பெண்கள், ஒரு கிண்ணம் குருமா, வேறு ஈ காக்கை இல்லை. எதிரில் நிற்பவளோ இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டும் வாயைத் திறக்காதவள். குடித்த விஷயம் அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது. சொல்ல வேண்டியது ஒரு ஆஸ்பத்திரியின் பெயர். ஆனால் அதைச் சொன்னால் ஜமாஅத் பொய் என்று சொல்ல வேண்டும். பிள்ளை குடித்தான் என்றால் ஊர் ஒருவேளை மன்னிக்கும். அல்லாஹ்வின் பாதை என்று சொல்லித் தெருவையே துஆ செய்ய வைத்து ஏமாற்றினாள் என்றால்? படுக்கை கட்டி நாடகம் ஆடினாள் என்றால்? பேரணாம்பட்டுக்காரர்கள் அந்த வீட்டு வாசலை மிதிப்பார்களா?

"அனுப்பு, நல்லதுதான்" என்றாள் சுகரா பேகம். "ஆனா ஒரு டாக்டரக் காட்டிட்டு அனுப்பு வஜீதா."

"டாக்டரா?" வஜீதா விழித்தாள். "முஜாஹித் டாக்டரப் பாத்துட்டா போனான்?"

சுகரா பேகம் குருமா கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

"அப்போ எதுக்கு ஆப்பா டாக்டர்? அல்லாஹ் போதும்." வஜீதாவின் முகம் அப்படி மலர்ந்துவிட்டது. "இன்னொண்ணு. முஜாஹித் கொண்டுபோன படுக்கையக் குடுங்களேன். பரகத்தான படுக்கை. எம் புள்ள அதுல படுக்கட்டும்."

கொடுத்தாள். கட்டு அவிழாத படுக்கையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள்.

வஜீதாவும் மறைத்தாள். அவளுக்கு மட்டும் மானம் இல்லையா? ஜமாஅத்தின் தலைவரிடம் பிள்ளைக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அவர்கள் பாவம், நல்ல மனுஷர்கள். தெரிந்திருந்தால் அழைத்துப் போயிருக்க மாட்டார்கள், இல்லையென்றால் வைத்தியரிடமாவது காட்டியிருப்பார்கள். பிள்ளை வியர்த்துக் கொட்டுவதையும் நடுங்குவதையும் பார்த்துக் காய்ச்சல் என்று நினைத்து, தங்கள் போர்வைகளையும் சேர்த்து அவன் மேல் போர்த்தினார்களாம். மூன்றாம் நாள் பகல் தொழுகைக்கு வரிசையில் நின்றபோது சமீருல்லா வலிப்பு வந்து கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தான். மறுபடி மறுபடி வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

சுகரா பேகத்துக்குச் செய்தி வந்தபோது அவள் செக்கிங் டேபிளில் இருந்தாள். கையில் ஒரு ஜோடி மேல்தோல். இஃப்ரா போனில் சொன்னாள். கேட்டுவிட்டு அவள் அந்த ஜோடியைத் திருப்பிப் பார்த்தாள், விரலில் ஒட்டியிருந்த சிவப்பு அம்பை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

கலீமுல்லா போய்ச் சேருவதற்குள் அங்கேயே குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். அல்லாஹ்வின் பாதையில் கிளம்பியவனை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்வதுதான் சிறப்பு என்றார்கள், அப்படியே செய்தார்கள். வஜீதா பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. துக்கத்துக்குப் போன சுகரா பேகம் வாசலிலேயே நின்றாள். வஜீதா எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எம் புள்ள ஷஹீத் ஆப்பா, அல்லாஹ் பாதையில உசுர விட்டவன். தொழுகைல நின்னபடி போயிருக்கான். ரோட்டோரத்துல குடிச்சுட்டுக் கெடந்து செத்திருந்தா நான் இன்னா ஆயிருப்பேன்? நீங்க காட்டின வழி. உங்களுக்கு அல்லாஹ் கூலி குடுப்பான்."

கூடியிருந்த பெண்களெல்லாம் ஆமீன் சொன்னார்கள். இந்தப் பாவிக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. வஜீதா அடித்திருக்கலாம், ஏசியிருக்கலாம். நன்றி சொல்லிவிட்டாளே!

வீட்டில் முஜாஹித் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கத்து அழுகை அந்தச் சுவர் வழியாக நன்றாகவே கேட்டது.

"அவங்க உங்கிட்ட வந்து கேட்டாங்களா அம்மீ?"

அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

"ஃபிட்ஸ் வரும்னு அந்தக்கா உங்கிட்டயும்தானே சொன்னாங்க? எனக்கு மொத அஞ்சு நாளு ஊசி போட்டாங்க. ராவும் பகலும் ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. சமீருக்கு யாரு இருந்தா?"

"இஃப்ராவோட நிக்காஹ்டா..."

"அவன் என் தோஸ்த்." அவன் எழுந்துகொண்டான். "நான் போய் சொல்லிட்டு வர்றேன்."

சுகரா பேகம் மகனின் காலைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற தாய் காலைப் பிடித்தால் எந்தப் பிள்ளை தாண்டிப் போவான்? அவன் போகவில்லை. ஆனால் அதோடு அவளிடம் பேசுவதை விட்டுவிட்டான். ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். குடிக்கவில்லை. மாசத்துக்கு ஒருமுறை வேலூர் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லோரும் பார்க்க வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிறான் என்று இஃப்ராதான் சொன்னாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

நிக்காஹ் நடந்தது. ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. லச்சாவை மீட்க முடியவில்லை. பேரணாம்பட்டுக்காரர்களே புதிதாக ஒன்று செய்து போட்டார்கள். பிரியாணி மணத்தது. முஜாஹித் விருந்தாளி மாதிரி வந்து, கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, பெண்ணை அனுப்பிவைத்ததும் கிளம்பிப் போனான். ரஃபத் ஜஹான் சுகரா பேகத்தின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தாள். வஜீதா வரவில்லை. துக்கக்காரி நான் வந்து நின்றால் புது மணப்பெண் முகம் வாடும், எனக்காக எதையும் தள்ளிப்போடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டாள். எந்தத் தங்கத்தில் செய்தார்களோ அந்த வஜீதாவை!

வீடு காலியாகிவிட்டது. எதற்காக எல்லாவற்றையும் மூடி வைத்தாளோ அது ஈடேறிப் பேரணாம்பட்டுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது வஜீதா வந்தாள். இடுப்பில் படுக்கை. கூடவே அடுத்த தெரு லுப்னா, சின்னப் பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும்.

"இந்தாங்க ஆப்பா, உங்க சாமான்" என்றாள் வஜீதா. "அவரு அங்கருந்து கொண்டுவந்தாரு. நிக்காஹ் வீட்ல இதக் கொண்டுவந்து போடக்கூடாதுன்னு வச்சிருந்தேன். துவச்சிட்டேன்."

போர்வை வெயிலில் காய்ந்த வாசனையடித்தது. அதே நீலக் கயிறு. கட்டு மட்டும் வேறு. வஜீதாவின் கைக்கட்டு, கொஞ்சம் தளர்வாக.

"லுப்னாவுக்கு வேணுமாம்" என்றாள் வஜீதா. "இவ வீட்டுக்காரனும் அந்த மாதிரிதான். நான்தான் சொன்னேன். நல்லாயி வந்தா முஜாஹித் மாதிரி வருவான். இல்லாட்டியும் எம் புள்ள மாதிரி கௌரவமா போவான், எப்டியும் நஷ்டமில்லன்னு."

லுப்னா தலையைக் குனிந்தபடி, "வர்ற ஜும்மாவுக்கு ஒரு ஜமாஅத் கெளம்புது" என்றாள்.

"காலைலயே குடிக்கிறானா?" என்றாள் சுகரா பேகம்.

லுப்னா தலையசைத்தாள்.

"டாக்டரக் காட்டாம அனுப்பாதே."

"ஊர் சிரிக்கும் ஆப்பா..."

"சிரிக்கட்டும். டாக்டரக் காட்டாம அவன எங்கயும் அனுப்பாதே. அப்டியே நிறுத்தினா ஃபிட்ஸ் வரும். உசுரு போய்டும்." குரல் அவளையும் மீறி ஏறிவிட்டது. "மொத வாரம்தான் டேஞ்சர். மருந்து குடுத்துப் பக்கத்துலயே இருந்து பாக்கணும்."

வஜீதா படுக்கையைக் கீழே வைக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். அவள் கேட்டபோது கோபமில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்டி ஆப்பா தெரியும்? முஜாஹித் டாக்டரப் பாத்துட்டா போனான்?"

மறுபடியும் 'இல்ல' என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பழகிய சொல். சொல்லிவிட்டால் வஜீதாவிடம் மிச்சமிருக்கிற அந்த ஒரே ஆறுதல் அவளிடமே இருக்கும். ஆனால் 'இல்ல' என்றால் லுப்னா படுக்கையை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

"பாத்தான்" என்றாள் சுகரா பேகம். "அவன் ஜமாஅத்துக்கே போகல வஜீதா. கிருஷ்ணகிரிக்கு அந்தாண்ட ஒரு எடத்துல வச்சு வைத்தியம் பாத்தேன். இந்தப் படுக்கைய அங்க பிரிக்கவே இல்ல. எல்லாம் எனக்குத் தெரியும். நீ வந்து கேட்டப்பவும் தெரியும்."

லுப்னா ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். தெருவில் யாரோ ஆட்டோவை ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வஜீதா அழவில்லை, கத்தவில்லை. படுக்கையின் மேல் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

"நான் யார்ட்டயும் சொல்லியிருக்க மாட்டேனே ஆப்பா" என்றாள்.

படுக்கையை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, லுப்னாவிடம் கொடுக்காமல் அவளைத் தாண்டி நடந்து, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.